ட்ரைவ்வேயில் நின்ற முட்டை

மே 19, திங்கள்

தோளுக்குப் பயிற்சி தருகிற பெட்டை, ஒவ்வொரு நாளும் வலி எப்படி என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள். அதற்காகத்தான் இந்தக் கொப்பி. எழுதுகிறேன். இன்றைக்கு வலி தோளில் இல்லை. வீட்டுக்கு முன் ட்ரைவ்வேயில் நிற்கிறது.

மத்தியானம் மகள் ஆரபி தன்னுடைய காருக்குப் பின்னால் ஒரு முட்டையை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். முட்டை என்று நான் நக்கலுக்குச் சொல்லவில்லை, உருவமே அதுதான். பைபர்கிளாஸில் செய்த பழைய காம்பிங் ட்ரெயிலர். இரண்டு சில்லு, ஒரு கதவு, மூன்று ஜன்னல். ஒரு காலத்தில் வெள்ளையாய் இருந்திருக்கும். என்னை விட ஐந்தாறு வயதுதான் குறைவு, ஆனால் என்னை விட மோசமாக நடத்தப்பட்டிருக்கிறது. பீற்றர்பரோ பக்கம் யாரோ ஒரு தோட்டக்காரன் கோழித்தீன் மூட்டை அடுக்கி வைத்திருந்தானாம். கதவைத் திறந்தால் எலி மணம் மூக்கில் அறைகிறது.

"இது என்ன பிள்ளை?"

"வீடு."

"இது வீடெண்டா நீ இப்ப வந்து இறங்கியிருக்கிறது என்ன?"

அவளுக்கு வடக்கே ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுக்கிற வேலை கிடைத்திருக்கிறதாம். ஜூலையில் தொடக்கம். அங்கே வாடகைக்கு அறை கிடைக்காதாம். அதனால் இதைத் திருத்தி இழுத்துக்கொண்டு போகப் போகிறாளாம். ஏதோ சந்தைக்குப் போய் வருகிறேன் என்பது போலச் சொன்னாள்.

சித்திரை வருஷப் பிறப்புக்கு ஒரு சூட்கேசோடு வந்தவள் இன்னும் திரும்பிப் போகவில்லை. கலியாணம் நடந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. கேட்கிறவர்களுக்கு, மருமகன் நிருஜன் கந்தோர் வேலை ட்ரெயினிங்குக்கு ஒட்டாவா போயிருக்கிறார், அதுவரைக்கும் பிள்ளை எங்களோடு நிற்கிறாள் என்று சொல்லி வருகிறேன். ஒட்டாவாவில் இவ்வளவு நாள் படிக்க என்ன இருக்கிறது என்று இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.

ஜூலைக்கு முன் இதை ஒரு வழிக்குக் கொண்டுவர வேண்டும். ட்ரெயிலரைச் சொல்லவில்லை.

மே 20

முன்வீட்டு ஞானேஸ் அக்கா கேட்டுவிட்டா.

மே 24, சனி

வலி நடுத்தரம். நான் சும்மா இருந்து பழகாதவள். விமான நிலையத்துச் சமையல்கூடத்தில் தட்டு ஏற்றி இறக்கித்தான் இந்தத் தோள் போனது. ஆவணி வரைக்கும் வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். இவர், ஆரபியின் அப்பா, லொறியோடு போனால் மூன்று கிழமைக்கு முகத்தைக் காட்ட மாட்டார். நான் வீட்டுக்குள் குசினிக்கும் ஹோலுக்கும் இடையில் ஓடித் திரிகிறேன். காலையில் மூன்று தரம் ட்ரைவ்வே கூட்டினேன். கூட்டினால்தானே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

ஆரபி உட்சுவரில் ஒட்டியிருந்த பஞ்சுத்தோலை உரித்து உரித்துப் போட்டாள். கீழே பலகை உக்கிப்போய்க் கிடக்கிறது. "பார்த்துக் கால் வை" என்று சொல்லிக்கொண்டே நான் காலை வைத்தேன். முழங்கால் வரைக்கும் போய்விட்டது. கீழே நிலம் தெரிந்தது. அவள் என்னைத் தூக்கிவிட்டாள். சிரிக்கவில்லை. முன்பென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள், பிறகுதான் கை கொடுத்திருப்பாள்.

பின்னேரம் ஞானேஸ் அக்கா ஒரு கிண்ணத்தில் வடையோடு வந்தா. வடை ஒரு சாட்டு.

"என்ன சுகிர்தம், காம்பிங்கோ?"

"ஓம் அக்கா, பிள்ளையள் ரெண்டும் கோடைக்கு ஊர் சுத்தப் போகினமாம்."

"ரெண்டு பேரும் உதுக்கை படுப்பினமோ?"

"புதுசாக் கலியாணம் கட்டினதுகள்தானே அக்கா."

ஆரபி உள்ளே இருந்தாள். சுரண்டுகிற சத்தம் நின்றுவிட்டது. ஞானேஸ் அக்கா போன பிறகுதான் திரும்பத் தொடங்கியது.

மே 27, செவ்வாய்

பிள்ளைக்கு மூளை குழம்பிவிட்டதோ என்று நினைக்கிறேன். தளம் இல்லை, ஜன்னலுக்கு ரப்பர் இல்லை, ஒரு லைற் இல்லை. அதற்குள் கதவுக்குப் பூட்டு வந்துவிட்டது. நல்ல பாரமான, உள்ளேயிருந்து கொளுவுகிற பூட்டு. அதைப் பொருத்துவதற்கு ஒரு பகல் முழுக்க மெனக்கெட்டாள்.

பிறகு உள்ளே போய்க் கொளுவிக்கொண்டு இருந்தாள். வெறும் இரும்புச் சட்டத்தில், தளம் கூட இல்லாமல்.

தட்டினேன். "என்ன செய்யிறாய்?"

"இருக்கிறன் அம்மா."

"சாப்பாடு ஆறுது."

"வாறன்."

வரவில்லை. வீட்டிலும் இப்போது குளிக்கப் போனால் பூட்டிவிட்டு ஒரு தரம் இழுத்துப் பார்க்கிறாள். பிறகு இன்னொரு தரம். வீட்டில் இருப்பது நானும் அவளும் மட்டும். என்னைக் கள்ளி என்று நினைக்கிறாளோ தெரியாது.

மே 30, வெள்ளி

நிருஜனின் அம்மா, தேவமலர் மச்சாள், போன் எடுத்தா. நல்ல மனுசி. குரலே இனிப்பு. நிருஜன் சரியாய்ச் சாப்பிடுகிறான் இல்லையாம், அறைக்குள்ளேயே இருக்கிறானாம். "எங்கட காலத்திலை நாங்கள் கோவிச்சுக்கொண்டு போயிருந்தா ஒருத்தரும் கூட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டினம் மச்சாள், அதாலைதான் நாங்கள் போகேல்லை" என்று சொல்லிச் சிரித்தா. நானும் சிரித்தேன்.

பிள்ளைகளை விட்டால் விட்டபடி நாள் போய்க்கொண்டேயிருக்கும், பெரியவர்கள் நடுவில் நின்று சேர்த்துவிட வேண்டும் என்றா. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஜூன் இருபத்திரண்டு ஞாயிறு கோயில் தேருக்குப் போய்விட்டு அப்படியே நிருஜனையும் கூட்டிக்கொண்டு வருகிறாவாம்.

"வாங்கோ மச்சாள், உங்கட வீடுதானே" என்றேன்.

ஆரபிக்கு இப்போதே சொல்லத் தேவையில்லை. சொன்னால் இன்றைக்கே முட்டையைக் கொளுவிக்கொண்டு போய்விடுவாள்.

ஜூன் 1, ஞாயிறு

கூரை கீழே இறங்கிவிட்டது!

ஆரபி உள்ளே இருந்த பழைய அலுமாரியைக் கழற்றி வெளியே எடுத்தாள். எடுத்துக் கொஞ்ச நேரத்தில் கதவு சாத்துப்படவில்லை. என்னவென்று பார்த்தால் கூரை நடுவில் பள்ளமாய் இறங்கியிருக்கிறது. இந்த மாதிரி ட்ரெயிலரில் கூரையைத் தாங்குவதே அந்த அலுமாரிதானாம், கம்பியோ வளையோ ஒன்றும் இல்லையாம். அவள் போனில் பார்த்துவிட்டுச் சொன்னாள். முதலே பார்த்திருக்கலாம்.

கராஜுக்குள் கிடந்த ஒரு மரச்சட்டத்தைக் கார் ஜாக்கியில் வைத்து மெல்ல மெல்ல உயர்த்தினோம். கூரை திரும்ப வளைந்து மேலே வருகிறபோது 'டொங்' என்று ஒரு சத்தம். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனது.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சொன்னேன்: "பாத்தியோ. உள்ளுக்கை இருக்கிறது வடிவில்லை, பிடிக்கேல்லை எண்டு கழட்டக் கூடாது. அதுதான் கூரையைத் தாங்கிக்கொண்டு நிக்கும்."

அவள் ஜாக்கியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்கள் அலுமாரியைச் சொல்லுறியளோ அம்மா?"

"வேறை என்னத்தை?"

அலுமாரியைத்தான் சொன்னேன்.

ஜூன் 5, வியாழன்

வலி இல்லை, கடி! உடம்பெல்லாம் சொறிகிற கடி!

இவள் பைபர்கிளாஸை ஒரு மெஷினால் தேய் தேய் என்று தேய்க்கிறாள். மாத்தூள் போல வெள்ளைத் தூசி பறக்கிறது. போட்டிருந்த உடுப்பை வாளிக்குள் போட்டு வைத்திருந்தாள். அழுக்கு உடுப்பு கிடந்தால் எனக்குக் கை துருதுருக்கும். எடுத்து எல்லோருடைய உடுப்போடும் சேர்த்து மெஷினில் போட்டேன். என்னுடைய நைற்றி, படுக்கை விரிப்பு, இவர் வந்து நின்ற இரண்டு நாளில் கழற்றிப்போட்ட சாரம், பெனியன் எல்லாம். காய வைத்து, மடித்து, இவருடைய பையிலும் அடுக்கி அனுப்பியாகிவிட்டது.

அது தூசி இல்லையாம், கண்ணாடி நாராம். இன்றைக்கு மனித்தோபாவில் இருந்து போன்.

"நீர் என்னத்திலை தோய்ச்சனீர்?"

"சோப்பிலைதான்."

"லொறிக்குள்ளை இருந்து குரங்கு மாதிரிச் சொறிஞ்சுகொண்டிருக்கிறன். லொறி நிறுக்கிற இடத்திலை நிக்கிறவன் என்னைப் பாத்திட்டு ரெண்டு அடி பின்னுக்குப் போறான்."

ஆரபி கேட்டுக்கொண்டு நின்றவள் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். சிரித்திருப்பாள். நானும் முதுகைக் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டே சிரித்தேன். பிறகு எல்லாவற்றையும் குப்பையில் போட்டோம்.

ஜூன் 10, செவ்வாய்

தளம் போட்டாகிவிட்டது. புதுப் பலகை, ஓரமெல்லாம் பிசின் பூசி இறுக்கியிருக்கிறாள். எனக்கே போய்ப் படுக்கலாம் போல் இருந்தது. இனி எஞ்சியிருப்பது கொஞ்ச வேலைதான். நாள் கிட்ட வருகிறது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் எழுந்து மா அரித்தேன். பிறகு எதற்கு அரித்தேன் என்று தெரியாமல் திரும்பப் பையில் போட்டேன்.

அவள் கடைக்குப் போன நேரம், ட்ரெயிலருக்குள் சாமிப்படம் ஒன்று இல்லையே என்று பட்டது. தெருவில் போகிற ஒன்றில் பிள்ளையார் இல்லாமல் எப்படி? சின்னப் படம் ஒன்று எடுத்து, இவருடைய ஆணிப் பெட்டியில் இருந்து நல்ல நீளமான ஸ்க்ரூ ஒன்று எடுத்து, கட்டில் வருகிற இடத்துக்கு மேலே சுவரில் முறுக்கிப் படத்தைக் கொளுவினேன். தோள் நொந்தது. ஆனாலும் வடிவாய் இருந்தது. ஒரு பூவும் வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

நேற்றிரவு முழுக்க மழை. காலையில் ஆரபி கத்திய கத்தில் ஞானேஸ் அக்கா ஜன்னல் சீலையை விலக்கினா.

சுவர் சிப்பி ஓடு அளவு தடிப்புத்தானாம். நான் முறுக்கிய ஸ்க்ரூ அந்தப் பக்கத்தால் வெளியே வந்து நிற்கிறது, கூர் வெளியே நீட்டிக்கொண்டு. அதன் வழியே தண்ணீர் இறங்கி, பிள்ளையார் நனைந்து, புதுத் தளத்தில் குளம் கட்டி நிற்கிறது.

"ஆரைக் கேட்டு ஓட்டை போட்டனீங்கள்? ஆரைக் கேட்டனீங்கள் அம்மா? இது என்ரை! ஒருக்கா, ஒரேயொருக்காக் கேட்டிருக்கலாமே!"

வருஷப் பிறப்பில் இருந்து இவள் குரல் உயர்ந்து நான் கேட்கவில்லை. முகம் சிவந்து, மூக்கு விரிந்து, சின்ன வயதில் அடம் பிடிக்கிற அதே ஆரபி. பேச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறேன், ஆனால் வயிற்றுக்குள் பால் வார்த்தது போல் இருந்தது. சொன்னால் இன்னும் கத்துவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு அவளே வந்து, சுவரை இறுக்குகிற பழைய றிவெற் ஆணிகளும் எல்லாம் ஒழுகுகின்றன, எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டும் என்றாள். அதற்கு இரண்டு பேர் வேண்டுமாம். ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே.

"உங்கட தோள் தாங்குமோ?"

"தாங்கும்" என்றேன்.

ஜூன் 14, சனி

இதை எழுதுவதா விடுவதா என்று நெடுநேரம் யோசித்தேன். எழுதுகிறேன்.

வேலை இப்படித்தான். வெளியே நிற்கிற ஆரபி ஓட்டைக்குள் றிவெற்றைச் செருகுவாள். உள்ளே நிற்கிற நான், இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கிற அதன் வாலில் ஒரு வட்டத்தகட்டைக் கோர்த்து விரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு "சரி" என்று சொல்ல வேண்டும். அவள் வெளியே கருவியை நெரிப்பாள். 'டக்'. அவ்வளவுதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. சுவர் மெல்லியது என்பதால் மூச்சு விடுகிறது கூடக் கேட்கும்.

"சரியோ?"

"சரி."

டக்.

இப்படி ஒரு பக்கம் முழுக்கப் போனது. என்ன தைரியம் வந்ததோ தெரியவில்லை, இரண்டு மாதமாய் முகத்துக்கு முன் கேட்க முடியாததைச் சுவரைப் பார்த்துக் கேட்டேன்.

"அவன் உனக்கு அடிச்சவனோ பிள்ளை?"

வெளியே கருவியைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு: "இல்லை அம்மா. அடிச்சிருந்தா உங்களுக்குச் சுகமா இருந்திருக்கும். ஆக்களுக்குச் சொல்ல ஒரு காரணம் இருந்திருக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. வந்து, போய்விட்டது. அவள் சொன்னது பொய்யில்லையே.

"அடுத்தது. சரியோ?"

"சரி."

டக்.

"அந்த வீட்டிலை ஒரு கதவுக்கும் பூட்டில்லை அம்மா. போன முதல் மாசமே எல்லாத்தையும் கழட்டிப்போட்டான். புருஷன் பெண்சாதிக்குள்ளை என்ன பூட்டு எண்டான். பாத்ரூமுக்கும்."

நான் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"குளிக்கேக்கை வந்து நிண்டு கதைப்பான். கோவமா இல்லை, சிரிச்சுக்கொண்டு. நேற்று ஏன் பத்து நிமிஷம் பிந்தினனீ, மத்தியானம் ஆரோடை சாப்பிட்டனீ எண்டு. என்ரை போனை வாங்கி ஒவ்வொண்டாப் பாத்திட்டு, நல்ல பிள்ளை எண்டு தலையைத் தடவித் திருப்பித் தருவான். ஒவ்வொரு நாளும். ஒருநாள் வேலையிலை இருந்து வந்து காருக்குள்ளையே இருந்தன். எவ்வளவு நேரமெண்டு தெரியாது. காருக்குத்தான் பூட்டு இருந்தது. அவன் வந்து கண்ணாடியிலை தட்டிச் சிரிச்சான். அண்டைக்குத்தான் இனிமேல் ஏலாது எண்டு விளங்கினது."

தைப்பொங்கலுக்கு அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். பாத்ரூம் கதவில் பூட்டு இருந்த இடத்தில் வட்டமாய் ஓட்டை. கடதாசி சுருட்டிச் செருகியிருந்தது. புது வீடு, திருத்த வேலையாக்கும் என்று நினைத்துக்கொண்டு, கதவைக் காலால் அண்டக் கொடுத்துக்கொண்டு போய் வந்தேன். அன்றைக்குப் பின்னேரமே தேவமலர் மச்சாளிடம், உங்கட மகன் தங்கம் என்று சொன்னேன்.

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப சொன்னனீ?"

"வந்த அண்டைக்கே."

"எனக்கேன் சொல்லேல்லை?"

டக். நான் "சரி" சொல்லவில்லை, அவள் நெரித்துவிட்டாள். தகடு கோணிக்கொண்டு போய் என் பெருவிரலில் கீறிவிட்டது.

"அடுத்ததை வையுங்கோ அம்மா" என்றாள்.

வைத்தேன். எல்லாம் முடிகிற வரைக்கும் வைத்தேன்.

ஜூன் 15

சமைக்கவில்லை. கடைப் பாண் சாப்பிட்டோம்.

ஜூன் 17, செவ்வாய்

இவர் சஸ்கச்சுவானில் இருந்து போன் எடுத்தார். எல்லாக் கோபத்தையும் அவரில் கொட்டினேன். பெத்த தாய்க்குத் தெரியாமல் அப்பனும் மகளும் மூடி மறைத்தீர்களே என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"உமக்குச் சொன்னா நீர் அடுத்த நிமிஷம் தேவமலருக்குப் போன் எடுப்பீர் எண்டாள்" என்றார். "நான் இல்லையெண்டு சொல்லியிருக்கலாம். ஆனா எனக்கும் நிச்சயமில்லை."

நான் போனை வைத்துவிட்டேன். தேவமலர் வரப்போகிற விஷயத்தை அவருக்கும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

ஜூன் 19, வியாழன்

இன்றைக்குத் தேவமலர் மச்சாளுக்குப் போன் எடுத்தேன். வசனத்தை மூன்று தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

"மச்சாள், இந்த ஞாயிறு வந்து…"

"ஐயோ மச்சாள், நானே எடுக்க இருந்தனான். நிருஜன் புதுச் சேட்டு வாங்கிப்போட்டான். அவளுக்குப் பிடிச்ச நிறமாம். இண்டைக்குத்தான் வடிவாச் சாப்பிட்டவன்."

"அப்பிடியோ."

"பலகாரம் ஒண்டும் செய்யாதையுங்கோ, நான் கொண்டு வாறன்."

"சரி மச்சாள்" என்றேன்.

சரி மச்சாளாம். என் நாக்கை அறுத்து நாய்க்குப் போட வேண்டும்.

ஜூன் 21, சனி

ஆரபி ஜன்னல் சீலை தைத்துக்கொண்டிருந்தாள். மூன்று தரம் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு தரம் "நூல் காணுமோ" என்று கேட்டேன். ஒரு தரம் "தேத்தண்ணி வேணுமோ". மூன்றாவது தரம் ஒன்றும் கேட்காமல் நின்றுவிட்டு வந்தேன்.

"என்னம்மா?"

"ஒண்டுமில்லை."

"ஏதாவது சொல்லவேணுமோ?"

"இல்லை. நாளைக்கு வெயில் கூடவாம்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தைத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் தலை முழுகிவிட்டு வந்து ட்ரைவ்வேயில் நின்றுகொண்டேன். கூட்டினேன். கூட்டியதையே கூட்டினேன். ஆரபி ட்ரெயிலருக்குள் சீலை கொளுவிக்கொண்டிருந்தாள். போய்ச் சொல்லு, இப்போதாவது சொல்லு என்று மனது அடித்துக்கொண்டது. சொல்லவில்லை. கார் வந்துவிட்டது.

தேவமலர் மச்சாள் பட்டுச் சேலையோடு, கையில் பழத்தட்டோடு இறங்கினா. நெற்றியில் தேர்த்திருவிழா விபூதி. நிருஜன் இளநீலச் சேட்டு. உண்மையைச் சொன்னால், வடிவாய்த்தான் இருந்தான். ட்ரெயிலரின் கதவு உள்ளே கொளுவுப்பட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

வீட்டு வாசலுக்கு வந்தவரை "வாங்கோ" என்று சொல்லாமல் விட்டால் அது எங்கள் சனத்தில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். பரம எதிரிக்கும் சொல்லிப்போட்டுத்தான் மற்றக் கதை. அந்தச் சொல் என் தொண்டை வரைக்கும் தன்பாட்டில் வந்தது. விழுங்கினேன். கும்பிடவும் இல்லை. விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன மச்சாள், வெயிலுக்கை நிக்கிறியள்? எங்களை உள்ளுக்கு வரச் சொல்ல மாட்டியளோ?"

"இல்லை மச்சாள்."

பகிடி என்று நினைத்துச் சிரித்தா. நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் முகம் மாறியது. "நீங்கள்தானே வரச் சொன்னியள்?" சத்தமாய்த்தான் கேட்டா. ட்ரெயிலருக்குக் கேட்டிருக்கும்.

"ஓம். நான்தான் சொன்னனான். இப்ப வேண்டாமெண்டும் நான்தான் சொல்லுறன்."

நிருஜன் ஒன்றும் நடக்காதது போல என்னைப் பார்த்துச் சிரித்தான். "மாமி, ரெண்டு நிமிஷம் நான் அவளோடை கதைச்சா எல்லாம் சரியாகும். உதுக்கையே இருக்கிறாள்?" என்று கேட்டுக்கொண்டே போய் ட்ரெயிலர் கதவில் விரலால் தட்டினான். மெதுவாய், விளையாட்டாய். "ஆரபி, திற பாப்பம்." பிறகு பிடியில் கையை வைத்தான்.

நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியாது. கதவுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றேன், முதுகு கதவில்.

"தம்பி, கையை எடும்."

"பூட்டிப்போட்டு உள்ளுக்கை இருந்தாப் பிரச்சினை தீருமோ மாமி?"

"அவளுக்கு வேணுமெண்டா திறப்பாள். வேண்டாமெண்டா திறக்க மாட்டாள். பூட்டு அதுக்குத்தான்."

அவனுடைய சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. ஆரபி ஒவ்வொரு நாளும் பார்த்த கண் அதுவாக்கும். எனக்குப் பயம்தான், ஆனால் நகரவில்லை.

"மச்சாள், நாலு பேர் பாக்கினம்" என்றா தேவமலர், பல்லைக் கடித்துக்கொண்டு.

முன்னால் ஞானேஸ் அக்கா நேற்று மழையில் நனைந்த பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றா.

"பாக்கட்டும். ஞானேஸ் அக்கா!" என்று கூப்பிட்டேன். "இவர் ஒட்டாவாவிலை இல்லை. ஒருநாளும் போகேல்லை. என்ரை மகள் இவரை விட்டிட்டு வந்திட்டாள். நான்தான் பொய் சொன்னனான்."

ஞானேஸ் அக்கா குழாயை மூட மறந்து நின்றா. தேவமலர் மச்சாள் மகனின் கையைப் பிடித்து இழுத்தா. போகிறபோது என்னைப் பார்த்து ஏதோ சொன்னா. அதை எழுத மாட்டேன். பிள்ளை பெற்ற ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லக் கூடாதது. அவவும் தன் பிள்ளைக்காகத்தான் சொன்னா.

கார் திரும்பி மறைகிற வரைக்கும் நின்றேன். பிறகு ட்ரெயிலரின் படியில் இருந்துவிட்டேன். அழுகை வந்தது. நன்றாக அழுதேன்.

திரும்பிப் பார்க்காமலே சுவருக்குச் சொன்னேன்: "பிள்ளை, நான்தான் அவையைக் கூப்பிட்டனான். உனக்குச் சொல்லாமல்."

"தெரியும் அம்மா."

"இப்ப கேட்டிருப்பாய்."

"போன மாசமே தெரியும். நீங்கள் குசினியிலை நிண்டு போன் கதைச்சா மூண்டு வீட்டுக்குக் கேக்கும்."

றிவெற் அடித்த அன்றைக்கும் தெரியும். நேற்றுச் சீலை தைத்துக்கொண்டு, ஏதாவது சொல்லவேணுமோ என்று கேட்டபோதும் தெரியும்.

"அப்ப ஏன் நீ போகேல்லை? ட்ரெயிலர் போன கிழமையே ஓடக்கூடிய மாதிரித்தானே இருந்தது?"

அவள் குரல் கிட்டத்தில் வந்தது, கதவுக்குப் பக்கத்தில், என் முதுகுக்கு நேரே.

"நீங்கள் என்ன செய்வியள் எண்டு பாக்கவேணும் போலை இருந்தது."

முன்வீட்டில் குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் கொளுக்கி இழுபடுகிற சத்தம் கேட்டது. படியில் இருந்து எழும்பி வழி விட்டேன். கதவு திறந்தது. அவளும் அழுதுதான் இருக்கிறாள், மூக்கெல்லாம் சிவப்பு.

"உள்ளுக்கு வாங்கோ அம்மா" என்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன்.